ஆணியில் தொங்கிய பேட்ஜ்

லெட்சுமியின் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டிருக்கும்? எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் கழித்தும் என்னிடம் பதில் இல்லை.

பிலிம் கழுவும் மருந்தின் புளித்த வாடை எங்கே வந்தாலும் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. போன வாரம் ஒரு பழைய ஸ்டூடியோவைக் கடக்கும்போது வந்தது... அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சோவியத் நாட்டில் அணு உலை வெடித்ததற்கு அடுத்த வருடம். பௌதிகப் பட்டத்தோடு கொழும்பில் கதிர்வீச்சுப் பாதுகாப்பைக் கவனிக்கும் அலுவலகம் ஒன்றில் சேர்ந்திருந்தேன். நம் நாட்டில் அணு உலை ஏது? எங்களுக்கு வாய்த்தவை எக்ஸ்ரே அறைகளும், அந்த வெடிப்பின் கதிர் கலந்திருக்குமோ என்று சோதிக்க, கப்பலில் வரும் பால்மாவும்தான். ஊவா மலைப் பக்கம் என்றால் என்னை அனுப்புவார்கள். பண்டாரவளையில் வாப்பாவுக்குக் கடை இருந்தது. தேயிலைத் தோட்டத்துத் தமிழ் எனக்குப் புரியும்.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் நெஞ்சில் ஒரு சின்ன பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உள்ளே ஒரு துண்டு பிலிம். கதிர் படப் பட அது கறுக்கும். பசறைப் பாதையில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிலிம் கன்னங்கரேலென்று இருந்தது. அணிந்தவர் பெயர் லெட்சுமி. மேலதிகாரி ரணவீர சேருடன் புறப்பட்டேன்.

போய்ப் பார்த்தால்... அவள் மாசமாக இருந்தாள். வயிறு நன்றாகவே தெரிந்தது.

என் கையிலிருந்த மீட்டரைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு. "இதுதான் பால்மாவ அளக்கிற மிஷினா மிஸ்? என்னையும் டின்னுல அடைச்சிராதீங்க."

பேட்ஜை எங்கே குத்திக்கொள்வீர்கள் என்று கேட்டேன்.

"குத்துறதா? காலையில வந்ததும் உள்ள ஆணியில மாட்டிருவேன். போறப்ப கழட்டிக்குவேன்."

"ஏன்?"

"வேலைக்கு வந்துட்டேன்னு டொக்டருக்குத் தெரிய வேணாமா? பெரட்டுல நின்னு கங்காணி கண்ணுல பட்டாத்தானே மிஸ் பேரு விழும்."

தோட்டத்தில் பிறந்தவள். காலையில் பெரட்டுக் களத்தில் ஆளைப் பார்த்து, பேர் போட்ட பிறகுதான் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்புவார்கள். பேட்ஜைக் கையில் கொடுத்ததும் அதையும் அப்படி ஒரு வருகை அடையாளம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். வேறு விதமாக யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆணி இருந்ததோ எக்ஸ்ரே பலகையை ஒட்டிய சுவரில்.

"அப்படியென்றால் கதிரை வாங்கியது சுவர்தான்" என்று சேர் சிங்களத்தில் சொன்னார். ஆஸ்பத்திரியை நடத்திய டொக்டர் பக்கத்தில் நின்றார்; அவர் முகம் சட்டென்று தெளிந்தது. அது அவ்வளவு சீக்கிரம் தெளிந்தது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பதிலோ? ஆணியை விரலால் தடவினேன். பழைய ஆணி. அதிலிருந்து என்ன தெரியும்...

சும்மா இருக்க முடியாமல் இன்னொன்று கேட்டேன். "சின்னப் பிள்ளைங்க வந்தா யாரு பிடிச்சுக்குவா?"

"நான்தான். தாய்க்காரி மலையில நிப்பா. பக்கத்து வீட்டு ஆளு தூக்கிட்டு வரும், அது பயந்து வெளிய ஓடிரும். நான் பிடிக்காட்டி யாரு பிடிப்பா?"

"கதிரைத் தடுக்கிற ஈய அங்கி?"

வயிற்றைத் தட்டிக் காட்டினாள். "இந்தச் சொமைக்கு மேல அதையுமா?"

ஆணிக் கதை பொய்யென்றால் அவ்வளவு கதிரும் அவள்மேல் பட்டிருக்கிறது. உண்மையென்றால் அந்த பிலிம் அவளைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு அவள் வாங்கியது எந்தக் கணக்கிலும் இல்லை.

அவள் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "எம் பிள்ளைக்கு ஏதும் ஆகுமா மிஸ்?"

"தெரியல."

"படிச்சவங்க நீங்களே தெரியலங்கிறீங்க. இந்தா, மிஷின வச்சு அளங்க." என் கையைப் பிடித்து மீட்டரைத் தன் வயிற்றருகே இழுத்தாள்.

"இது போனதைக் காட்டாது லெட்சுமி. இப்ப இருக்கிறத மட்டும்தான் காட்டும்."

கையை விட்டுவிட்டாள்.

மாசமாக இருப்பவர் அறைக்குள் போகக் கூடாது, பிள்ளையைச் சொந்தக்காரர் அங்கி போட்டுப் பிடிக்க வேண்டும் என்று சேர் உத்தரவிட்டார். டொக்டர் தலையாட்டினார். மழையில் கரண்ட் போனதால் அறைக் கதவுக்கு வெளியே கதிர் கசிகிறதா என்று அளப்பதை மறுநாளுக்கு வைத்தோம். பண்டாரவளை வீட்டில் வாப்பா கேட்டார், "என்ன மகள், சோறு இறங்கலியா?"

இப்போது பேட்ஜோடு, எப்படி அணிவது என்று படம் போட்ட தாளும் வருகிறது. அளவுகள் நேராகக் கணினித் திரைக்கு வந்துவிடுகின்றன. நல்லதுதான். ஆனால் திரையில் பெயர் தெரியும், வயிறு தெரியாது. அன்று ஜீப்பில் குலுங்கிப் போய் முகம் பார்த்துக் கேட்டோம்... கேட்டும் முழுதாகத் தெரிந்துகொண்டோம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆஸ்பத்திரி பிறகு இல்லாமல் போனது. லெட்சுமியின் பிள்ளையைப் பற்றி விசாரித்தேன். சொல்ல ஆளில்லை.

அளக்கப் போன அந்த மறுநாள் நடந்தது இதுதான்.

இருமலோடு ஒரு சின்னப் பிள்ளை வந்திருந்தது. இந்த முறை தாயே கூட வந்திருந்தாள், அரை நாள் கூலியான அரைப் பேரை விட்டுவிட்டு. அங்கி அவளுக்குக் கால்வரை தொங்கியது. லெட்சுமி கதவுக்கு வெளியே நின்று, "அசையாத ராசா, நான் இங்கதான் நிக்கிறேன்" என்று குரல் கொடுத்தாள். நான் மீட்டரோடு அவள் பக்கத்தில் நின்றேன். உள்ளே டொக்டர் பொத்தானை அழுத்தியதும் மீட்டரின் முள் எகிறியது. கதவு வெறும் பலகை. ஈயத் தகடு இல்லை.

"நேத்து உள்ள நிக்காதன்னீங்க. இப்ப வெளியவும் நிக்கப்படாதா?"

சேர் அறையைப் பூட்டி முத்திரை வைத்தார். கதவு சரியாகும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று டொக்டர் லெட்சுமியிடம் சொன்னார். பிள்ளை அசைந்ததால் படமும் கலங்கிப்போயிருந்தது. இனி பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். தாய்க்கு அங்கே வழி தெரியாது.

லெட்சுமி தாயிடமிருந்து பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வா, நான் கூட்டிப் போறேன். உள்ள நீ பிடி. நான் எட்டத்துல நிக்கிறேன்."

பிள்ளையோடு இரண்டு பேரும் பதுளை பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.