இழவு சொல்லப் போன காரில் ஓர் இடம்

பலாலி வெளியில் விமானம் இறங்கியபோது என்னிடம் ஒரு துணிப்பையும் ஒரு கடிதமும் இருந்தன. கடிதம் எழுதியவர் கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட். கொழும்பிலிருந்து புறப்படும் சரக்குக் கப்பல் ஒன்றின் சமையல் குசினிக்கு ஓர் ஆள் வேண்டும், யாழ்ப்பாணப் பட்டினத்து ஹோட்டலில் தங்கியிருக்கிறேன், புதன்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் வந்து முகத்தைக் காட்டு, பிந்தினால் வேறு ஆளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கொழும்புக்கு றெயில் ஏறிவிடுவேன் என்று எழுதியிருந்தார். அன்று புதன்கிழமை. மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

விமானத்தில் வருகிற ஆள் நானில்லை. சென்னையில் நான் வேலை பார்த்த சுருட்டுக் கடை முதலாளி தனக்கு எடுத்த டிக்கெட் அது. காலையில் விமானத்துக்குப் பக்கத்தில் போய் அதன் சக்கரத்தைச் செருப்புக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. வழியனுப்பக் கூடப் போயிருந்த என்னைப் பார்த்து, "எனக்கு வயிறு சரியில்லை, நீ போ" என்றார். கம்பனிக்காரன் முணுமுணுத்துக்கொண்டே பெயரை மாற்றி எழுதினான். கோட்டு இல்லாமல் ஒருவன் தன்னுடைய டிக்கெட்டில் ஏறுவது தனக்குத்தான் வெட்கம் என்று முதலாளி கோட்டையும் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். கடிதம் முதல்நாள்தான் கைக்கு வந்திருந்தது. றெயிலும் கப்பலுமாக வந்திருந்தால் வியாழக்கிழமைதான் வந்து சேர்ந்திருப்பேன். அவருடைய வயிற்றுக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அந்தக் குசினி வேலை எனக்கு ஏன் அவ்வளவு தேவை என்றால், நான் வேறெதற்கும் உதவாதவன் ஆகிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டேன். வகுப்பு வாங்குப் பலகையில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். பிறகு பினாங்கில் ரப்பர்ப் பால் வெட்டினேன். கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். உலக யுத்தம் நடந்தபோது இரண்டு மாதம் மரவள்ளிக்கிழங்கு மட்டும் தின்றிருக்கிறேன், கால் வீங்கிப் பெரியாஸ்பத்திரியில் கிடந்திருக்கிறேன். எந்த ஊரிலும் ஒரு வருடத்துக்கு மேல் தரிக்கவில்லை. ஓடிக்கொண்டேயிருக்கும் ஒன்றில் வேலை கிடைத்தால் நானாக ஓட வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

சுங்கக்காரர் என் பையைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்பினார். வெளியே வந்து நின்று பட்டினத்துக்குப் போகும் வழிகளை எண்ணினேன். விமானக் கம்பனியின் வான் நின்றது. காசு கேட்கமாட்டார்கள், நேரே ஹோட்டல் வாசலில் இறக்குவார்கள். ஆனால் கடைசிப் பெட்டி சுங்கம் தாண்டும்வரை வான் அசையாது. உள்ளே ஓர் அம்மா மூன்று டிரங்குப் பெட்டி நிறையச் சேலையோடு நின்று சுங்கக்காரரோடு வாதாடிக்கொண்டிருந்தார். வாடகைக் கார் பிடிக்க என்னிடம் வசதியில்லை. பஸ் பிடிக்க வேண்டுமென்றால் வெயிலில் சந்திவரை நடந்து, வருமோ வராதோ என்று நிற்க வேண்டும். காங்கேசன்துறைக்குப் போய் றெயில் ஏறலாம். அந்த றெயில் பட்டினம் போய்ச் சேர ஆறு மணி ஆகும். ஹோட்டலில் ஐந்து மணிக்குள் நிற்க வேண்டியவனுக்கு அது எதற்கு?

அப்போது ஒரு கார் எஞ்சினை நிறுத்தாமல் வந்து நின்றது. அதிலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கி, வெறும் மேலும் சால்வையுமாக, விமானத்தால் வந்த ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"மட்ராசிலையிருந்து உங்களோடை வேறை ஒருத்தரும் வரேல்லையோ?"

"இவ்வளவு பேர்தான்."

விஷயத்தைச் சொன்னார். வயாவிளானில் அவருடைய மாமனார் அன்று விடிய இறந்துவிட்டார். மாமனாரின் ஒரே மகன் சென்னையில். நோய், வருத்தம் கடுமை என்று முந்தாநாளே தந்தி போனது. இந்த விமானத்தில் வருவான் என்று நம்பியிருந்தார்கள். வரவில்லை. பொழுதுபடுவதற்குள் பிரேதத்தை எடுக்க வேண்டும். இனி மிச்சமுள்ள உறவுக்காரருக்கு இழவு சொல்லப் போக வேண்டும், காரில் ஓர் இடம் சும்மா கிடக்கிறது. நான் பட்டினத்துக்குப் போக வேண்டும் என்றேன்.

"ரவுணுக்கோ? ஏறும். நாலைஞ்சு வீட்டுக்குச் சொல்லிக்கொண்டு நாங்களும் ரவுணுக்குத்தான் போறம்."

வான் அசையாமல் நின்றது. கார் உறுமிக்கொண்டு நின்றது. நான் காரில் ஏறினேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் செய்யக்கூடாத பிழை அது. நாலைந்து வீட்டுக்கு இழவு சொல்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பலாலி வீதியால் நேரே விட்டால் முக்கால் மணித்தியாலத்தில் பட்டினம். எங்கள் கார் வீதியால் ஓடவில்லை, உறவுமுறையால் ஓடியது. முதலில் தெல்லிப்பழைக்குப் போனது. என்னை ஏற்றிவந்த அந்த மருமகன் வேலிப் படலையில் நின்று சேதியைச் சொன்னார், உள்ளே கால் வைக்கவில்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை, திரும்பி வந்து ஏறினார். அது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது. அடுத்தது மல்லாகம். ஓரிடத்தில் வீதியோரத்து வீடொன்றைக் காட்டி, "அது எங்கடை ஆக்களின்ரை வீடு" என்றார். கார் நிற்காமல் அதைத் தாண்டிப் போனது.

"அண்ணை, வீட்டைத் தாண்டிப் போறம்" என்றேன்.

"உது தம்பியின்ரை வீடு. தமையன் அளவெட்டியிலை. தம்பிக்கு முதல் சொல்லிப்போட்டுத் தமையனிட்டைப் போனா அவர் வருவாரோ? காலத்துக்கும் கதை."

அளவெட்டிக்குப் போய், தமையனுக்குச் சொல்லி, வந்த வழியே மல்லாகத்துக்குத் திரும்பி, தம்பிக்குச் சொன்னோம். நான் இருக்கையின் நுனியில் இருந்தேன். கதவின் பிடியில் கை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"உம்மாலை கதவு கழண்டு விழப்போகுது காணும். செத்த மனுசனே பொறுமையாக் கிடக்கிறார்."

"அவருக்கு அஞ்சு மணிக்கு ஹோட்டல் இல்லை" என்றேன்.

மருமகனே சிரித்துவிட்டார். சிரித்த பிறகு சால்வையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

உடுவிலுக்கு வந்தபோது நாலே முக்கால். "இனி வழியிலை ஒரே ஒரு வீடு, செத்தவரின்ரை தங்கச்சி" என்றார். அதன் பிறகு நேரே பட்டினம். டிரைவர் காலை அழுத்தினால் ஒரு வேளை போய்விடலாம். ஆனால் கார், வேலிகளுக்கு நடுவே போகும் ஒழுங்கையின் முகப்பில் நின்றதும் மருமகன் இறங்கவில்லை.

"ஒன்பது வருசமா எங்களுக்குள்ளை கதை பேச்சில்லை" என்றார். "வேலிக்கை நிண்ட ஒரு பனையாலை வந்தது. நான் போய்க் கூப்பிட்டாப் படலை திறக்காது. கூடப் பிறந்தவவுக்கு ஆள் போய்ச் சொல்லாமலும் விடேலாது. நீர் பிறத்தி ஆள். ஒருக்காப் போய்ச் சொல்லும்."

மறுத்தால் இன்னும் கால் மணித்தியாலம் பேச்சில் போகும். இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போய்ப் படலையைத் தட்டினேன். ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஓர் அம்மா கையில் வெங்காயப் பிடியோடு வந்து திறந்தார்.

"அம்மா, வயாவிளானிலை உங்கடை அண்ணை இண்டைக்கு விடிய மோசம் போயிட்டார்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலாக ஒழுங்கை முகப்பில் நின்ற காரைப் பார்த்தார். வெங்காயம் கீழே விழுந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"என்ரை ராசா! பிளேனாலை இறங்கின கையோடை நீயோ வந்து சொல்லுறாய்? கொப்பரை, உன்னைப் பெத்தவரைப் பாத்தியோ? முகம் பாத்தியோ?"

அண்ணனின் மகன் என்று நினைத்துவிட்டார் என்பது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. அவன் ஊரை விட்டுப் போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேலாம். திரும்பிப் பார்த்தேன். மருமகன் காருக்கு வெளியே நின்று, வாயில் விரலை வைத்து, ஒன்றும் சொல்லாதே என்று சைகை காட்டினார். அவர் கணக்கும் விளங்கியது. இப்படியே விட்டால் இந்த அம்மா வந்துவிடுவார்.

"நீ வந்து கூப்பிட்ட பிறகு நான் வராமல் இருப்பனோ? கொள்ளி வைக்க நீ இருக்கிறாய், அது காணும் அவருக்கு. வா, போவம்."

பிடி இறுகியது. நாள் முழுக்க வெங்காயம் கட்டிய கை, இலேசில் விடாது. ஐந்து மணிக்கு இன்னும் சில நிமிடம். பேசாமல் இருந்தால் அவரோடு நானும் வயாவிளானுக்குத்தான். அவரை ஏமாற்றக்கூடாது என்று நினைத்து நான் உண்மையைச் சொன்னேன் என்றால் அது பொய். என் கையை மீட்க வேண்டியிருந்தது.

"அம்மா, நான் உங்கடை அண்ணற்றை மகன் இல்லை. அதே பிளேனாலை வந்த வேறை ஆள். அவர் வரேல்லை."

கையை விட்டார். என்னைக் கீழிருந்து மேல்வரை ஒரு தரம் பார்த்தார்.

"வரேல்லையோ? அப்ப கொள்ளி?"

"எனக்குத் தெரியாதம்மா."

குனிந்து கீழே கிடந்த வெங்காயத்தை எடுத்து வேலியோரம் போட்டார். படலையைச் சாத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஒழுங்கைக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, முகப்பைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"உதிலை என்ன புதினம் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? மகன் இல்லாத வீட்டிலை மருமகன்காரன் ஊர் சுத்துறதோ? காரைத் திருப்பச் சொல்லு. சீலை மாத்திக்கொண்டு வாறன்."

"ஓம்" என்றார் மருமகன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு அந்த அம்மாவிடம் அவர் சொன்னது அந்த ஒரு சொல்தான்.

இனிக் கார் பட்டினத்துக்குப் போகாது. பட்டினத்தில் சொல்ல வேண்டிய வீட்டுக்குச் சைக்கிளில் ஆள் விடலாம் என்று மருமகன் தீர்மானித்துவிட்டார். "குறை நினையாதையும்" என்றார். நான் குறை நினைத்தேன், சொல்லவில்லை. உள்ளே எங்கோ மணிக்கூடு ஐந்து அடித்தது. அடித்து முடியும்வரை நின்ற இடத்திலேயே நின்றேன்.

டிரைவர்தான் கேட்டார். "நீர் பாக்கப் போற மனுசன் ஹோட்டலிலையோ குடியிருக்கிறார்?"

"இல்லை, கொழும்புக்கு றெயில் ஏறுவார்."

"எந்த றெயில்? காங்கேசன்துறையாலை வாற உந்த மெயில்தானே? திரும்பிப் போற வழியிலை சுன்னாகம் ஸ்டேசனிலை விடுறன். ஏறி ரவுணிலை ஆளைப் பிடியும் காணும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று மணியிலிருந்து நான் ஒரு கட்டிடத்தைத் துரத்திக்கொண்டிருந்தேன். தேடிப் போக வேண்டியது மனிதரை.

சுன்னாகத்தில் இறங்கினேன். செத்தவீட்டுக்குப் போகிறவர்களிடம் போயிட்டு வாறன் என்று சொல்வதில்லை. நான் பேசாமல் இறங்க, அவர்களும் பேசாமல் போனார்கள். பின்னிருக்கையில் அந்த அம்மா ஏற்கனவே வாய்விட்டு அழத் தொடங்கியிருந்தார்.

யாழ்ப்பாணம் வரைக்கும் றெயில் வாசலில் தொங்கிக்கொண்டே வந்தேன். கோண்டாவிலில் நின்றது, கொக்குவிலில் நின்றது, யாரோ புகையிலைச் சிப்பம் ஏற்றினார்கள், எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. பட்டின மேடையில், வண்டி நிற்கும் முன்பே குதித்தேன். ஏஜென்டை நான் கண்டதில்லை. புதுத் தகரப் பெட்டியோடு ஐந்தாறு பேர் ஒன்றாக நிற்க, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் தாளைப் பார்த்து அவர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்க் கடிதத்தை நீட்டினேன்.

"சென்னை ஆளோ?" என்றார். "பிளேனாலை வந்த ஆக்கள் நாலரைக்கே வானிலை ஹோட்டலுக்கு வந்திட்டினமே. நீர் எங்கை போனீர்?"

"வேறை வழியாலை வந்தனான்."

"குசினிக்கு ஆள் எடுத்தாச்சு." பெட்டியின்மேல் இருந்த ஒரு மெலிந்தவனைக் காட்டினார். பிறகு தாளை மறுபக்கம் திருப்பினார். "கீழை எஞ்சின் அடுப்புக்குக் கரி தள்ள ஒரு ஆள் குறையுது. முந்தித் தள்ளியிருக்கிறீரோ?"

"ஓம்" என்றேன். தள்ளியதில்லை.

"உந்தக் கோட்டோடை தள்ளேலாது."

"கழட்டுவன்."

விசில் ஊதினார்கள். ஏறினேன். நாவற்குழிப் பாலம் கடந்த பிறகு அவர் எனக்கு எதிரே வந்திருந்து, பிந்தினதற்கு என்ன காரணம் என்று எழுத வேண்டும் என்றார். ஒரு செத்தவீடு என்றேன்.

"ஆர் செத்தது?"

யோசித்துப் பார்த்தேன். பெயரை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"சொந்தக்காரர்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.