ஐந்தாவது பாகம்

பேய், ஆவி என்று யாராவது எழுதி அனுப்பினால் அதைக் குப்பைக்கூடையில் போடுகிற வேலைதான் எனக்குப் பத்திரிகை ஆபீசில். அதனால் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. நான் தலையை எண்ணிய கணக்கைச் சொல்கிறேன், எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி மெட்ராஸ் காலியான வருஷம். சிமெண்ட் கிடையாது. சாந்தோமில் எங்கள் பங்குக் கோயிலுக்கு ஒரு சிறு மண்டபம் எழுந்துகொண்டிருந்தது, அதன் பீடச் சுவரைப் பழைய முறையில் சுண்ணாம்பில் பூசுகிறேன் என்று சிந்தாதிரிப்பேட்டை கொத்தனார் சூசை ஒத்துக்கொண்டார். கிளிஞ்சல் சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு.

"சுவத்துக்கு முட்டையும் வெல்லமும் ஊட்டறியே சூசை, தாலாட்டும் பாடிடு" என்பார் மண்டபக் கமிட்டியின் ஓய்வுபெற்ற ஓவர்சியர் லாசர் மாமா.

"ஊட்டுனாத்தான் சார் மூஞ்சி பளபளங்கும்."

ஞாயிறு பூசை முடிந்ததும் மெழுகுத்திரியைச் சுவரோரம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடத்திக் காட்ட வேண்டும், சுவரில் தெரிகிற சுடர் ஓரிடத்தில் மங்கினாலும் முழுவதையும் சுரண்டிவிட வேண்டும் என்பது லாசர் மாமாவின் நிபந்தனை. சுரண்டினால் மயிலாப்பூர் பக்கம் சூசையை யாரும் கூப்பிட மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

கடைசிப் பூச்சைப் பூசிய அன்றே கூழாங்கல்லால் இடைவிடாமல் தேய்க்க வேண்டும், விட்டால் செத்தது. ஐந்து பாகம், ஐந்து ஆள். ஆள் வருமுன் விடியலிலேயே ஐந்தையும் பூசிவிட்டார் சூசை. பிறகுதான் சேதி வந்தது, ஐந்தாவது ஆள் சின்னப்பன் முதல் நாளே பெண்டாட்டி பிள்ளைகளோடு திண்டிவனத்துக்கு ரயிலேறிவிட்டான், தன் கல்லையும் எடுத்துக்கொண்டு.

"இன்னா சார் பண்றது, பூசிட்டேனே" என்றார் என்னிடம். மற்ற மூவரோடு தானும் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தார்.

நான் பின்னால் பெஞ்சியில் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும், நல்ல வெயில். நான்கு பேரும் ஒரே சமயத்தில் தண்ணீர் குடிக்கக் கையை எடுத்தார்கள். நம்பினால் நம்புங்கள், தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை. ஆளில்லாத ஐந்தாவது பாகம் இருந்த வலது ஓரத்திலிருந்து, சீராக, அவசரமில்லாமல் வந்துகொண்டே இருந்தது.

ஒருவன் தலையைத் திருப்பப் போனான்.

"பாக்காத" என்றார் சூசை, மெதுவாக. "வேல நடக்குது. குடிச்சிட்டு வா."

ஊர் விஷயத்தையெல்லாம் எட்டிப் பார்க்கிற நான், அன்றைக்குப் புரூஃபிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெயில் இறங்கும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

ஞாயிறன்று லாசர் மாமாவே திரியைப் பிடித்து நடந்தார். சுடர் சுவருக்குள் கூடவே நடந்தது. நான்காவது பாகத்தில் அவர் நடை தளர்ந்தது, ஐந்தாவதில் நின்றேவிட்டார். அங்கேதான் சுடர் எல்லாவற்றையும்விடத் தெளிவாக இருந்தது, அவருடைய மூக்குக்கண்ணாடியின் விளிம்புகூடத் தெரிந்தது. திரியைச் சூசை கையில் கொடுத்தார்.

"இனிமே நீயே நட" என்றார். ஜனம் வழிவிட, சூசை திரும்ப ஒருமுறை முழுச் சுவரையும் நடந்தார், கல்யாண மாப்பிள்ளை மாதிரி. அந்த வருஷமே மயிலாப்பூரில் அவருக்கு மூன்று வீட்டு வேலை வந்தது.

பயம் தணிந்து சின்னப்பன் திரும்பியபோது சுவரைக் காட்டினோம். கன்னத்தை ஒட்டிவைத்து ஒளியில் சாய்த்துப் பார்த்தான். நான்கு பாகத்தில் தேய்ப்புக் கீற்று ஒரு பக்கம் வளைந்திருந்தது, ஐந்தாவதில் எதிர்ப்பக்கம். அந்தக் குழுவில் இடது கைக்காரன் அவன் ஒருவன்தான்.

"என் கைதான் நைனா" என்றான். "ஆனா நான் திண்டிவனத்துலதானே இருந்தேன்."

"வந்தியோ வரலயோ, வேல சுத்தம்டா" என்றார் சூசை.

இப்போதும் கோயிலுக்குப் போனால் அந்தச் சுவரில் கை வைப்பேன். நான்கு பாகம் சில்லென்று இருக்கும். ஐந்தாவது மட்டும், இப்போதுதான் ஒருவன் தேய்த்துவிட்டுக் கல்லை எடுத்த மாதிரி, இளஞ்சூடாக இருக்கிறது.