தரை தட்டிய கப்பல்கள்

குவைத்தின் ஃபஹாஹீலில் எங்கள் அறையில், இரண்டு கட்டில்களுக்கு நடுவே அந்தக் கடற்போரைச் செய்தேன். பாய்மரக் காலத்தில் இந்தக் கரைக்காரர்கள் சிறு படகுகளில் போய்ப் பெரிய கப்பற்படை ஒன்றை வென்ற போர். எங்கள் மரவேலைக் கம்பெனிக்கு வேலை கொடுத்த கண்காட்சிக் கூடத்தில் அதை மாதிரியாகச் செய்து காட்டச் சொன்னார்கள். நன்றாகச் செய்பவருக்கு அவர்களுடைய பட்டறையிலேயே நிரந்தர வேலை, ஃபேமிலி விசாவுக்குப் போதுமான சம்பளம். மனைவியை அழைத்துக்கொள்ள எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளை அதற்கே ஒதுக்கினேன். தண்ணீர் வற்றும் நேரத்தில் பெரிய கப்பல்கள் சேற்றில் தரை தட்டி நின்றதால்தான் சிறு படகுகள் வென்றன. ஆகவே பெரிய கப்பல்கள் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்தேன். பாய்களுக்கு என் பழைய வேட்டியைக் கிழித்தேன். அறையில் உடன் தங்கியிருந்த பரமக்குடிக்காரத் தம்பி, அவனும் தச்சன்தான், பசை காயும்வரை பிடித்துக்கொள்வான்.

"இம்புட்டுப் பெரிய கப்பல வச்சுக்கிட்டு சேத்துல மாட்டிக்கிட்டானுங்களாண்ணே? நம்ம கேம்ப் பஸ்ஸு தேவலாம் போல."

கொண்டுபோய்க் காட்ட வேண்டிய நாளில் என் சிவில் ஐடி காலாவதியாகியிருந்தது. அரசாங்க அலுவலகங்களுக்கு அலையும் கம்பெனி மந்தூப்தான் புதுப்பிக்க வேண்டும்; அவரோ "புக்ரா, புக்ரா", நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். ஐடி இல்லாமல் கூடத்தின் கேட்டைத் தாண்ட முடியாது.

"நான் கொண்டு போறேன்ணே. உங்க பேரச் சொல்லிட்டு வந்துர்றேன்" என்றான் தம்பி.

என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். திரும்பி வந்தவன், "பாப்போம்னு சொல்லிட்டாங்கண்ணே" என்றான். அடுத்த மாதம் அவனுக்கு மட்டும் கம்பெனி மாற ரிலீஸ் வந்தது. கூடத்தில் வேறு ஏதோ மரவேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்றான். நம்பினேன்.

புது ஐடி கைக்கு வந்ததும் கூடத்துக்குப் போனேன். என் கப்பல்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கொளியில் சாய்ந்து நின்றன. அங்கே மேற்பார்வை பார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர் பக்கத்தில் வந்தார்.

"வடிவா இருக்குது என்ன? இதைச் செய்த பெடியன் இஞ்சதான் வேலை செய்யிறான்."

"அவன் மட்டுமா செய்தான்?"

"இன்னொருத்தரும் சேர்ந்தவராம். பாவம், அந்தாள் விசா கான்சலாகி ஊருக்குப் போட்டாராம். இருந்திருந்தா அவரையல்லோ எடுத்திருப்பம்."

"ஊருக்குப் போகவில்லை. அது நான்தான்" என்றேன்.

அவர் என்னையும் கப்பல்களையும் மாறிமாறிப் பார்த்தார். "ஐயோ அண்ணை, விசா அடிச்சு முடிஞ்சுது. ஒரு இடந்தான் இருந்தது."

அறைக்கு வந்தேன். தம்பி பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் புதுக் கம்பெனி அறைக்கு மாறுகிறான். நான் ஊருக்குப் போய்விட்டதாக ஏன் சொன்னாய் என்று கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

"இருக்காருன்னு சொன்னா என்னைய எதுக்குண்ணே எடுப்பாக? எனக்கும் பொண்டாட்டி இருக்கால்ல?"

அந்த வாரம் சமையல் முறை என்னுடையது. வழக்கம்போல் இருவருக்கும் அரிசி களைந்து போட்டேன். சோறு வெந்ததும் எனக்கு மட்டும் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். பின்னால் அவன் தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. குழம்பு ஊற்றிக்கொண்டு, "உப்புக் கொஞ்சம் கம்மிண்ணே" என்றான்.