உள்மடிப்பு விட்ட கவுன்

1. பொம்மைக்குத் தச்சது

புதியம்புத்தூரில் புதுசா ரெடிமேட் யூனிட் போடுற பிள்ளைகள் என்னிடம் வந்தால், "சித்தி, கடைக்குப் போர்டு எப்படி எழுதலாம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். போர்டு கிடக்கட்டும். நான் தொழில் தொடங்கின கதையைக் கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசி. ஒரு அண்ணாச்சி கம்பெனியில் நான் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். காலர் என்றால் நாள் பூராவும் காலர்தான். ஒரு முழு உடுப்பை நானே வெட்டி, நானே தைத்து, நானே விற்றுப் பார்க்கணும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. முதலாளி அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன்.

"ஏட்டி, உனக்குக் கை நல்லாத்தான் ஓடுது. வாய் அதை விட வேகமா ஓடுது. சரி போ. பசுவந்தனைத் திருவிழாவுல கடை போட்டு வித்துப் பாரு. விக்கலைன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடாம திரும்பி வந்துரு. உன் மெஷின் இங்கனயேதான் கெடக்கும்."

பாசமாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவுன் விற்றால் சொந்தத் தொழில், விற்காவிட்டால் மறுபடியும் காலர். அவ்வளவுதான் கணக்கு.

கோவில்பட்டி ஜவுளிக்கடை ஷோகேஸில் ஒரு பொம்மைக்குக் கவுன் மாட்டியிருந்தார்கள். இடுப்பு சிக்கென்று, கை அளவாக, அவ்வளவு அழகு. சின்ன வயசில் எங்கள் அம்மை "வளர்ற பிள்ளை" என்று சொல்லி எனக்கு எடுத்த சட்டையெல்லாம் தோளை விட்டு வழியும். வகுப்பில் "சாக்குமூட்டை" என்று கூப்பிடுவார்கள். அந்தக் கோபத்தில்தான், என் கையால் தைக்கிற கவுன் எந்தப் பிள்ளைக்கும் தொளதொளவென்று இருக்கக் கூடாது என்று எல்லாவற்றையும் பொம்மைக்கு மாதிரியே அளவாக வெட்டினேன். பொம்மை வளராது என்பது என் புத்திக்கு எட்டவில்லை.

2. ஒரு விரக்கடை துணி

திருவிழாவில் கூட்டத்துக்குக் குறைச்சல் இல்லை. பெண்கள் வந்தார்கள், கவுனை எடுத்தார்கள், "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். பிள்ளையின் முதுகில் வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் கீழ் ஓரத்தை உள்பக்கமாகத் திருப்பி, பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் எல்லாரும் இதையேதான் செய்தார்கள். மத்தியானம் வரைக்கும் ஒரு கவுன்கூடப் போகவில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த நேரத்திலும் கேலி. "அந்தப் பொம்மையக் கூட்டிட்டு வந்திருந்தா அதாவது ஒண்ணு எடுத்திருக்கும்" என்றார்.

அப்போது ஒரு அக்கா மஞ்சள் கவுனை வைத்துவிட்டுத் திரும்பினாள். மாடத்தி என்று பேர், ஆடு மேய்க்கிற குடும்பம். அவள் மகள் பேச்சி கவுனை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா, நில்லுங்க. என் துணியில என்ன கொறைன்னு சொல்லிட்டுப் போங்க" என்றேன்.

"கொறை என்ன தாயி, அளவா இருக்கு. அதான் வேண்டாங்கேன். ஒரு மழை பெஞ்சா இவ ஒரு சாண் வளந்துருவா. பெறகு பிரிச்சு விட உள்ள ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலத் துணியாவது விட்டிருக்கியா? நாங்க என்ன வருசத்துக்கு ஒரு உடுப்பா எடுக்கோம்?"

அடி ஆத்தீ! எங்கள் அம்மை சொன்ன அதே பேச்சு. ஆனால் பேச்சியின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சாக்குமூட்டைச் சட்டையும் எனக்கு ஞாபகம் வந்தது. இன்றைக்கும் அளவாக இருக்கணும், அடுத்த வருசமும் ஆகணும்.

"செத்த இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்திருந்த சாக்கைப் பிரித்தேன். கட்டிங்கில் மிஞ்சின துண்டுத் துணியெல்லாம் அதற்குள்தான் இருந்தது. பட்டன் கிட்டன் தைக்க என்று கை மெஷினும் கொண்டுபோயிருந்தேன். மஞ்சள் துண்டைக் கவுனின் அடியில் ஒட்டுப் போட்டு, இரண்டு மடிப்பாக உள்ளே மடக்கி, பிரிக்க லேசாக இருக்கட்டும் என்று பெரிய பெரிய தையலாகப் போட்டேன். கக்கத்திலும் ஒரு துண்டை உள்ளே மடக்கி வைத்தேன். வீட்டுக்காரர் மெஷின் கைப்பிடியைச் சுற்றினார்.

மாடத்தி ஓரத்தைத் திருப்பித் தடவிப் பார்த்தாள். "இது உடுப்பு" என்றாள். பேச்சி அங்கேயே மாட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். வேடிக்கை பார்த்த பெண்கள் "எனக்கும் துணி விட்டுத் தா" என்று சூழ்ந்துகொண்டார்கள். பொழுது சாயும் முன்னே சாக்கும் காலி, கடையும் காலி.

3. போர்டு

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார்.

"சரிதாட்டி, வித்துட்ட. ஆனா மூணு வருசம் உழைக்கிற கவுனைத் தச்சா, வாங்குனவ மூணு வருசம் கழிச்சில்லா வருவா? அதுவரைக்கும் எதைத் திங்கப்போற?"

அது எனக்கு முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வருசத் திருவிழாவுக்கும் கடை விரித்தேன். "பேரு தெரியலைன்னா எவ வருவா? பெயிண்டரைக் கூப்பிட்டு ஒரு போர்டாவது எழுதுவோம்" என்று வீட்டுக்காரர் அரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது மாடத்தி வந்தாள். அவள் பின்னால் ஊர்ப் பெண்கள் ஒரு கூட்டம். முன்னால் பேச்சி, அதே கவுனில். வெயிலில் வெளுத்துப்போன மஞ்சளுக்கு அடியில், புதுசாக அவிழ்த்துவிட்ட மடிப்பு மட்டும் பளிச்சென்று இருந்தது. மாடத்தி மகளைத் திருப்பி நிறுத்தி, ஓரத்தை விரலால் புரட்டிக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க. பிள்ளை இம்புட்டு வளந்துட்டா, இன்னும் ஒரு மடிப்பு பாக்கி கெடக்கு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "போர்டு வேண்டாம்" என்றேன். "அதான் பேச்சி மேல நடந்து வந்துட்டுதே."

அதனால் பிள்ளைகளா, போர்டைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். வாங்குகிறவள் துணியில் எந்த இடத்தைப் புரட்டிப் பார்க்கிறாள் என்று முதலில் கவனியுங்கள்.