யோகனின் தொண்டை

யோகனின் குரலைக் கெடுத்தவன் நான்தான்.

விதி இல்லை, வியாதி இல்லை. எங்கள் இசைக்குழுவின் இணையப் பக்கத்தில் ‘உடல்நலக் காரணங்களால் யோகன் விலகுகிறார்’ என்று ஓர் அறிவிப்பு வந்ததே, அந்தக் காரணமும் இல்லை. அதை எழுதியவனே நான். எழுதி முடித்துக் கீழே ஒரு கும்பிடும் போட்டேன்!

எங்கள் பாட்டை நீங்கள் கேட்டிருக்கலாம், கேட்காமலும் இருக்கலாம். குழுவின் பெயர் ‘சிக்னல் த்ரீ’. புயல் நாளில் போர்ட் பிளேயர் துறைமுகத்தில் மூன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டை ஏற்றிவிட்டால் கப்பல் கிளம்பாது, போகவேண்டியவர்கள் மூட்டையோடு வீடு திரும்புவார்கள். அந்தப் பெயரை வைத்ததும் யோகன்தான். நாங்கள் வாசித்தது போஸ்ட்-ஹார்ட்கோர். ஒரு குரல் இனிமையாகப் பாடிக்கொண்டிருக்கும், இன்னொரு குரல் குறுக்கே வந்து அலறும். பாடியவன் நான். அலறியவன் அவன்.

முதல் மேடை ஒரு துர்கா பூஜைப் பந்தல். இந்திப் பாட்டுக்காக வந்த ஜனம், நான் பாடியபோது பேல்பூரி தின்றுகொண்டிருந்தது. யோகன் வாயைத் திறந்தான்... தின்ற கைகள் அப்படியே நின்றன. பாட்டு முடிந்ததும் பந்தல் முழுக்க அவன் பெயர். என் பெயரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் சொந்தத் தங்கை அவன் அலறிய இடத்தை வெட்டியெடுத்துக் காலர் டோனாக வைத்துக்கொண்டாள்!

நான் மதுரையிலிருந்து வந்த கான்ட்ராக்டரின் மகன். கித்தார், ஸ்பீக்கர், பம்பூஃபிளாட்டில் நாங்கள் பயிற்சி செய்த சிமெண்ட் கிடங்கு... எல்லாம் அப்பா காசு. யோகனுடைய குடும்பம் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கச்சல் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். அவன் போர்ட் பிளேயரின் சாத்தம் ஜெட்டிக்கும் அக்கரையிலுள்ள பம்பூஃபிளாட்டுக்கும் இடையே ஓடும் வாகனப் படகில் தினக்கூலி. லாரிக்காரர்களைப் பார்த்து, “ஆனே தோ... ஆனே தோ... பஸ்!” என்று, அதாவது ‘வரட்டும்... போதும்!’ என்று, இந்தியில் கத்தி வண்டிகளைப் படகில் ஏற்றுவது அவன் வேலை. பகலெல்லாம் அங்கே கத்திவிட்டு, சாயங்காலம் எங்களிடம் வந்தும் கத்துவான்.

ஆள் மாறுவது எங்களுக்குப் பழகிய விஷயம். பேஸ் வாசித்த ஜோபி கப்பல் வேலைக்குப் போனான். டிரம்ஸ் வாசித்த தபனுக்கு அரசாங்க வேலை கிடைத்தது, மறுநாளே குச்சிகளை என்னிடம் நீட்டிவிட்டான். கல்லூரிப் பையன்களைப் பிடித்து ஓட்டைகளை அடைத்தோம். அதனால்தான் யோகன் போனபோது யாரும் துருவிக் கேட்கவில்லை. போனவர்களோடு இன்னொருவன்... அவ்வளவுதானே!

இல்லை. மற்ற இருவரும் தாமாகப் போனார்கள்.

கடலுக்கடியில் கேபிள் வருவதற்கு முன்பு எங்கள் தீவில் இணையம் என்றால் அது ஒரு விரதம். ஒரு பாட்டு இறங்குவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஆகவே மெயின்லேண்டுக்கு யார் போனாலும் ஹார்டு டிஸ்க் நிறைய அள்ளிக்கொண்டு வருவார்கள். நானும் ஒருமுறை ஸ்பீக்கர் வாங்கச் சென்னை போனேன். லாட்ஜில் உட்கார்ந்து இறக்கினேன்... படங்கள், கச்சேரிகள், கூடவே ஒரு பாட வரிசை. தொண்டை கெடாமல் அலறுவது எப்படி என்று ஒருவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். தொண்டையைத் தளர விட வேண்டும், பலத்தை வயிற்றிலிருந்து எடுக்க வேண்டும், எரிந்தால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு அலறிப் பார்த்தேன். வலிக்கவே இல்லை!

ஊருக்குத் திரும்பியதும் யோகன் பென் டிரைவோடு வந்தான்.

“பிரபு, கத்துறதுக்குப் பாடம் கீடம் எதாச்சும் கெடச்சுதாடா? ரெண்டு நாளா எச்சியில ரத்தம் வருது. சோறு முழுங்க ஏலாது.”

என் வாய் கொஞ்சமும் தடுமாறவில்லை. “அப்படியெல்லாம் எதுவும் இல்லடா. இது சொல்லிக் குடுத்து வர்றதா? வலிக்கணும். வலிச்சாத்தான் நெசம்.”

அவன் தலையாட்டினான். “டீக் ஹை. சரிதான்.”

பென் டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தேன். அந்தப் பாடங்களை மட்டும் கொடுக்கவில்லை.

ஏன்? பொறாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம், நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். ஆனால் அவன் குரல் அடியோடு போகவேண்டும் என்றா நினைத்தேன்? கொஞ்ச நாள் தொண்டை கட்டிக்கொள்ளட்டும், ஒரே ஒரு மேடையாவது என்னுடையதாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். நாணயமாகச் சொல்கிறேன்... நாணயமாம்! நம்பவைத்துக் கழுத்தறுத்தவன் பேசுகிற பேச்சைப் பாருங்கள்!

அதோடு விட்டேனா? அவனுக்கு வெந்நீரும் தேனும் வாங்கிக் கொடுத்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நான் அழுததோடு நிற்காமல் குடையும் பிடித்தேன்.

ஆல்பம் பதிவு செய்யச் சென்னைக்குப் போனோம். மூன்றாவது பாட்டில் யோகன் ஒரு டம்ளரில் துப்பித் துப்பி அலறினான். ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, “போதும் சார், அவருக்கு முடியல” என்றார். நான் யோகனைப் பார்த்து, “இன்னும் ஒரு தடவை மட்டும்டா” என்றேன். அவன் மறுக்கவில்லை. அவன் எனக்கு எதையுமே மறுத்ததில்லை.

அந்தப் பாட்டின் முடிவில் அவன் குரல் பிளந்து அடங்குகிறதே, அதற்குக் கீழே எத்தனை பேர் ‘உயிர்!’ என்று எழுதியிருக்கிறீர்கள்! அது உயிர்தான். வெளியே போய்க்கொண்டிருந்தது.

தொண்டையில் கட்டி. அறுத்து எடுத்தார்கள், தழும்பு நின்றுவிட்டது. அதன்பிறகு அவன் பேசினால் காற்றுதான் வருகிறது. குரல் இல்லாதவன் வண்டிகளை எப்படி ஏற்றுவான்? வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து, தானே ஒரு விசில் வாங்கிக்கொண்டு போய் நின்றான்.

நானோ அவன் இடத்தையும் எடுத்துக்கொண்டேன். பாட்டும் என்னுடையது, அலறலும் என்னுடையது. ஊர்த் திருவிழா மேடையில், அவன் எழுதிய வரிகளை, அவனுக்கு மறைத்த முறையில் அலறினேன். தொண்டை எரியவில்லை. இறங்கி வந்தபோது யோகன் மேடைக்குப் பின்னால் நின்றிருந்தான்.

“ஒனக்கு வலிக்கலையாடா?” என்றான், காற்றுக் குரலில்.

“இல்ல.”

“எப்பிடிடா? யாரு சொல்லிக் குடுத்தா?”

“தானா வந்துச்சு.”

அவன் சிரித்தான். “சாமி குடுத்தது பாய் ஒனக்கு. பத்திரமா வச்சிக்க.” சொல்லிவிட்டு, தன் சட்டைப்பையிலிருந்த அதிமதுரத் துண்டை என் கையில் திணித்தான். அதை எங்கே எறிந்தேன் என்றுகூட எனக்கு நினைவில்லை.

சரி, அவனைத் தள்ளிவிட்டு நான் எதை வாரிக்கொண்டேன்? சுத்தமாக அலறினேன். எந்தப் பிசிரும் இல்லை. கேட்டவர்கள் கைதட்டிவிட்டுக் கலைந்தார்கள். புதிய பையன்கள் ஒவ்வொருவராக மெயின்லேண்டுக்குப் போனார்கள். கடைசியில் குழுவில் நானும் பெயரும்தான் மிஞ்சினோம். இப்போது ஒரு கடற்கரை விடுதியில், தேனிலவுக்கு வருகிறவர்கள் சாப்பிடும்போது இந்திப் பாட்டு பாடுகிறேன். அவர்களும் தின்றுகொண்டேதான் கேட்கிறார்கள்.

போன மாதம் பம்பூஃபிளாட்டிலிருந்து காரோடு படகில் வந்துகொண்டிருந்தேன். யோகன் என் வண்டிக் கண்ணாடியைத் தட்டி, கைப்பேசியை நீட்டினான். யாரோ ஒரு பெண் அலறிக் காட்டி, வயிற்றில் கை வைத்து விளக்கிக்கொண்டிருந்தாள். இப்போது எங்களுக்கு இணையம் பாய்ந்து வருகிறதே!

“பாத்தியா பிரபு? கத்துறதுக்கே க்ளாஸ் எடுக்குறாங்கடா. தொண்டைய லூசா வுடணுமாம். எம் மகன் தேடிக் காட்டுனான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். “அப்ப நம்மூருல நெட்டு மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா... என்னடா?”

அவன் முகத்தில் கோபம் இல்லை. தீவின்மேல் ஒரு சின்ன வருத்தம், அவ்வளவுதான்.

சொல்லியிருக்கலாம். சுற்றிலும் தண்ணீர், எங்கும் ஓடியிருக்கவும் முடியாது. நாக்கு நுனிவரை வந்தது. வந்ததா? வந்தது என்று எழுதினால் நீங்கள் என்னைக் கொஞ்சம் மன்னிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேனோ என்னவோ...

“ஆமாடா,” என்றேன். “அப்ப ஏது நெட்டு.”

அவன் தலையாட்டினான். சாத்தம் ஜெட்டி நெருங்கியது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். சிநேகிதன் என்பதால் எப்போதும் என் வண்டியைத்தான் முதலில் இறக்கிவிடுவான். அன்றும் லாரிகளையெல்லாம் கை காட்டி நிறுத்திவிட்டு, எனக்கு விசில் ஊதினான்.