தெருமுனையைத் தாண்டி

என் தம்பி ராணுவத்தில் இருந்தது மொத்தம் இரண்டே வருடம். தேனியில் நடந்த ஆளெடுப்பில் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன், எடையில் ஒரு கிலோ குறைந்து நின்றான். எங்கள் பள்ளத்தாக்கில் வாழைப்பழத்துக்கா பஞ்சம்? வெளியே ஓடிப்போய் ஒரு சீப்புப் பழத்தை விழுங்கி, ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு, மறுபடி நிறுக்கச் சொல்லிக் கெஞ்சித் தேறிவிட்டான். "நாட்டைக் காப்பாத்துறது நீயில்லடா, அந்தப் பூவன்பழந்தான்" என்று அவன் விடுப்பில் வரும்போதெல்லாம் அக்கா நான் கேலி செய்வேன்.

கார்கில் சண்டையில் இறந்தபோது அவனுக்கு வயது இருபத்தொன்று. ஒரு மலையில் ஏறப் போவதாகவும், இறங்கி வந்ததும் எழுதுவதாகவும் கடைசிக் கடிதத்தில் சொல்லியிருந்தான். அதற்கு அடுத்து வந்தது பெட்டிதான். அம்மா அழக்கூட இல்லை. ஏறி முடித்தானா, பாதியில் விழுந்தானா என்று அதையே திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டாள். எரிச்சலில், "தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டேன். அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அவனோடு அந்தச் சண்டையில் இருந்த அதிகாரி ஒருவர் பெட்டியுடன் வந்திருந்தார். மலையாளி, தமிழ் வராது. வீட்டில் இருந்த நெரிசலில் அம்மாவால் அவரை நெருங்கவே முடியவில்லை. சுடுகாட்டில் மரியாதை முடிந்ததும் அப்படியே கிளம்பிவிடுவார் என்றார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். அங்கே, அப்பா இல்லாத எங்கள் வீட்டுக் காரியத்தை முன்னின்று நடத்திய சித்தப்பா கையை நீட்டி மறித்தார்.

"பொம்பளைக இதுக்கு மேல வரக்கூடாது மதினி. வீட்டுக்குப் போங்க."

"அந்த ஆபீசர் அங்கன இருந்தே போயிருவாக தம்பி. அப்புறம் நான் யாருகிட்டப் போய்க் கேக்க?"

"நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

"ஒங்களுக்கு அவுக பாசை தெரியுமா?"

சித்தப்பா நீட்டிய கையை மடக்கவில்லை. அம்மா அவர் கையைத் தள்ளவில்லை. குனிந்து அதற்கு அடியில் நுழைந்து நடந்தாள். இருபது வருடமாக விடிந்தால் ஜீப்பில் மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள் அவள். கூட வேலைக்குப் போகும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவர்களும் குனிந்தார்கள், நானும்தான். கடைசியில் சித்தப்பாவே கை வலித்து இறக்கிக்கொண்டார்.

துப்பாக்கி மரியாதை முடிந்தது. அதிகாரி மடித்த கொடியை அம்மாவின் கையில் வைத்தார். என் மகன் மேலே ஏறிவிட்டானா என்று அம்மா மலையாளத்தில் கேட்டாள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார். தோட்டத்துப் பெண்களுக்கு அது உடனே விளங்கியது. அவர்களில் ஒருத்தி திரும்பி, பின்னால் நின்ற கூட்டம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"ஏறிட்டானாம். முத ஆளா ஏறி, மேல நின்னு மத்தவுகளுக்குக் கயிறு போட்டானாம். எல்லாரும் ஏறுன பெறகுதான் குண்டு பட்டுச்சாம்."

அம்மா சரிந்துவிடுவாள் என்று பிடிக்கப் போனேன். அவள் கொடியை மார்போடு இறுக்கிக்கொண்டு குலவையிட்டாள். கல்யாணத்திலும் கோவிலிலும் மட்டுமே நான் கேட்டிருந்த குலவை. பெருமையில் நானும் குலவையிட்டேன். அத்தனை பெண்களும் சேர்ந்துகொண்டோம். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சித்தப்பா என் தம்பிக்குக் கொள்ளி வைத்தார்.