சீட்டு பிடித்த புத்தகம்

உங்கள் நாட்டைப் பற்றி எந்த வெளிநாட்டுக்காரருக்கும் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம், முடியுமா? யோசிக்காமல் தலையாட்டாதீர்கள். நானும் அப்படித் தலையாட்டித்தான் பந்தயத்தில் மாட்டினேன்.

அப்போது காலேஜில் கடைசி வருஷம். செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு ஒரு ஜெர்மனிக்கார அக்கா இரண்டு மாதம் குடிவந்திருந்தார். தன் ஊரிலேயே தமிழ் படித்துவிட்டு வந்தவர். வாயைத் திறந்தால் ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி இருக்கும். "அம்மா, இன்றைய சாம்பார் மிகவும் சிறப்பு" என்பார். என் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுவார்.

அவர் கையில் எப்போதும் இந்தியாவைப் பற்றிய பயணப் புத்தகம் ஒன்று இருக்கும். செங்கல் கனம். ஒரு நாள் நான் சும்மா இருக்காமல், "அந்த புக்குல இருக்கிறதெல்லாம் டூரிஸ்ட்டுக்குதான், அக்கா. எங்களுக்குத் தெரிஞ்சது வேற" என்று அளந்துவிட்டேன்.

"அப்படியானால் இந்தப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல், தம்பி. என் வாக்மேன் உனக்கு."

"தோத்தா?"

"தேநீர்க் கடையில் எல்லோர் முன்னிலையிலும் 'எனக்கு இந்தியாவைப் பற்றி ஒன்றும் தெரியாது' என்று நீ அறிவிக்க வேண்டும்."

அவர் ஊருக்குக் கிளம்பும் நாள்வரை கெடு. இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தேன்.

மழை வரத் தவளைக்குக் கல்யாணம் செய்வோம் என்றேன். பக்கம் புரட்டினார், இருந்தது. அரச மரத்துக்கும் வேப்ப மரத்துக்கும் செய்வோம் என்றேன். அடுத்த பத்தியிலேயே இருந்தது. லாரியில் எலுமிச்சம்பழம், மிளகாய்? கலர் போட்டோவே போட்டிருந்தார்கள். கடைசி அஸ்திரமாக, ஆயுத பூஜைக்கு எங்கள் காலேஜ் கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்ததைச் சொன்னேன். தனியாகக் கட்டம் கட்டி எழுதியிருந்தார்கள். படுபாவிகள், எங்கள் லேபுக்குள் எப்போது வந்தார்கள்?

விஷயம் டீக்கடைக்கும் போய்விட்டது. மாஸ்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சார், எப்போ பேசப்போறே? மைக் செட்டுக்கு சொல்லிடட்டுமா?" என்பார். பெஞ்சே சிரிக்கும்.

கிளம்பும் நாளும் வந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் காலை. அன்று இரவு அவருக்குச் சென்னையில் விமானம். ஆட்டோ டீக்கடையைத் தாண்டும்போது, "நிறுத்துங்கள், தம்பி உரையாற்ற வேண்டும்" என்றார்.

"ஐயோ அக்கா, கிரிவலம் வந்த கூட்டம் மொத்தமும் பஸ் ஸ்டாண்டுல கீது. உங்கள ஏத்தி விட்டுட்டு வந்து கண்டிப்பா சொல்றேன்."

"உறுதியாக?"

"சத்தியமா."

பஸ் ஸ்டாண்டில் தலைதான் தெரிந்தது, தரை தெரியவில்லை. சென்னை பஸ் உள்ளே திரும்பியதும் கூட்டம் கூடவே ஓடியது. நானும் ஓடினேன். பாக்கெட்டில் கைவிட்டால் கர்ச்சீப் இல்லை. துண்டும் இல்லை. பக்கத்தில் மூச்சிரைக்க ஓடிவந்த அக்காவின் கையில் அந்தப் புத்தகம். பிடுங்கினேன், ஜன்னல் வழியாக உள்ளே வீசினேன். பொத்தென்று ஒரு சீட்டில் விழுந்தது.

"என் புத்தகம்!" என்று அலறினார். "உடைமைகளைப் பேருந்தில் தனியே விடக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது!"

"வாங்கக்கா, ஒண்ணும் ஆவாது."

இடிபட்டு மிதிபட்டு ஏறும்போதே உள்ளே சண்டை கேட்டது. புத்தகம் கிடந்த சீட்டில் உட்காரப் போன ஒரு அம்மாவை, பக்கத்தில் நின்றிருந்த பெரிய மீசைக்காரர் மறித்துக்கொண்டிருந்தார்.

"காலியாதானே கீது, ஒக்கார்றேன்."

"கண்ணு தெரியலியாம்மா? புக்கு போட்டு சீட்டு புடிச்சிருக்காங்க."

"நீ புடிச்சியா?"

"நான் புடிச்சிருந்தா ஒக்காந்திருக்க மாட்டனா? நானே நின்னுனுதானே வரப்போறேன்!"

அந்த அம்மா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார். அக்கா வந்ததும் மீசைக்காரர் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி இரண்டு கையாலும் கொடுத்தார்.

அக்கா உட்கார்ந்தார். நான் இறங்கி ஜன்னலுக்கு வந்தேன். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

"இவர் உனக்குத் தெரிந்தவரா?"

"யாருன்னே தெரியாதுக்கா."

"பிறகு ஏன் எனக்காகச் சண்டையிட்டார்?"

"பொருளு போட்டா, அந்த சீட்டு போட்டவங்களுது. துண்டோ, செருப்போ, எது போட்டாலும். இந்தியா பூரா அதான்." இந்தியா பூராவா என்பது எனக்கே தெரியாது. அந்த நேரத்தில் அப்படித்தான் வந்தது.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. "அக்கா! இது புக்குல இருக்கா?"

அவர் பொருளடக்கத்தைப் புரட்டினார். பின்பக்க அட்டவணைக்குப் போனார். பேருந்து என்ற தலைப்பில் இருந்ததையெல்லாம் விரலால் ஓட்டிப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார்.

"சீக்கிரம்க்கா!"

"பொறு!"

பஸ் நகர்ந்தது. நான் கூடவே ஓடினேன்.

"நீ இதைச் சொல்லவில்லை, செய்தாய்!" என்று கத்தினார்.

"அதெல்லாம் செல்லாது! இருக்கா, இல்லையா?"

மீசைக்காரர் குனிந்து, "இன்னாம்மா கேக்குது அந்தப் புள்ள? இருந்தா இருக்குன்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு" என்றார்.

"இல்லை!" என்று அக்கா அவரிடம் சொன்னார். பிறகு பையைத் துழாவி, ஜன்னல் வழியாக வாக்மேனை நீட்டினார். ஓடிக்கொண்டே பிடித்துவிட்டேன். ஹெட்போன் மட்டும் அவர் கழுத்திலேயே போய்விட்டது.

வாக்மேன் இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது. ஹெட்போன் இன்னும் வாங்கவில்லை.